சேவியரின் முந்நூறு பேர் எங்களிடம் வந்த விதம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ராஜன் கேட்டார். இரண்டு பக்கத்தில் நிறுத்தத் தெரிந்தவளாக இருந்தால் நான் இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் குப்பை கொட்டியிருக்க மாட்டேன். சர்வர் கணினிகளை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். அதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் அந்த அலுவலகத்தில் நிறையப் பேர். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வாரத்தைப் பற்றி. அந்த வாரத்தில் நான் ஒரு பெரிய முட்டாள்தனமும் ஒரு சின்ன நல்ல காரியமும் செய்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போதும் அதை நினைத்தால் கை பரபரக்கிறது.

அப்போது நாங்கள் எட்டுப் பேர். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் அலுவலகம். நம் தொழில் என்ன? ஒரு கடையின் இணையதளமும் மின்னஞ்சலும் குடியிருக்க இடம் கொடுப்பது, அவ்வளவுதான். ஒருவர் ஓரிடத்தில் குடியேறிவிட்டால் லேசில் காலி செய்யமாட்டார். நம்மிடம் இருக்கும்வரை அது சந்தோஷம். ஆனால் அவர் வேறொருவரிடம் இருந்தால், எவ்வளவு தொண்டை கிழியக் கத்தினாலும் நம் பக்கம் வரமாட்டார். நாங்கள் விளம்பரம் செய்தோம், சலுகை கொடுத்தோம், தேக்கா சந்தை வாசலில் நின்று துண்டுச்சீட்டுகூடக் கொடுத்தோம். மாதத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். ஊரில் புதிதாகத் திறக்கும் கடைகளை மட்டும் நம்பி வளர முடியாது என்பது எனக்குப் புரிந்துபோனது.

அப்போதுதான் சேவியர் போன் செய்தார். செம்பவாங்கில் வீட்டிலிருந்தபடியே தனியாளாக இதே தொழிலைச் செய்துவந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தன் தேவாலயத்துக்கு ஒரு தளம் செய்து கொடுத்ததில் தொடங்கி, தையல் கடை, பூக்கடை, டியூஷன் சென்டர், லாரி கம்பெனி என்று முந்நூறு பேருக்கு மேல் சேர்த்து வைத்திருந்தார். அவர் மனைவி தாதி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவமனை வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு ஐந்து வாரத்தில் கிளம்புகிறார்கள். என் ஆட்களை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா அக்கா என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். ஒரே கையெழுத்தில் முந்நூறு பேர்! எங்கள் ஆறேழு வருட உழைப்புக்குச் சமம்.

ராஜன் தொழிலில் என் பங்காளி, பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர். அவர் எதையும் மூன்று தடவை படிப்பார். நான் தலைப்பைப் படித்ததுமே பேனாவைத் தேடுவேன். அவர் இரண்டு இடத்தில் விரலை வைத்தார். சேவியர் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர்களின் ஒப்பந்தம் அவர் கிளம்பும் வாரத்தோடு முடிகிறது. அதற்குள் எங்களிடம் வராதவர்களின் தளம் அணைந்துவிடும். இன்னொன்று, டொமைன் பெயர், அதாவது தளத்தின் முகவரி, அவரவர் கையில் இருக்கிறது. அவர்களாக ஒரு மாற்றம் செய்தால்தான் தளம் எங்கள் பக்கம் வரும். அவர்கள் சம்மதிக்காமல் ஒருவரைக்கூட நகர்த்த முடியாது.

சம்மதிக்காமல் எங்கே போவார்கள் என்றேன். நாங்கள் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை முழுவதும் இதில் போட்டோம். இந்த முந்நூறு பேர் வந்து தங்கினால் நிறுவனம் எழுந்து நிற்கும். வராவிட்டால் நாங்கள் எட்டுப் பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான். இதை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். நான் அப்போதே அடுத்து யாருடைய வாடிக்கையாளர்களை வாங்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலை நானே உட்கார்ந்து எழுதினேன். இன்ன நிறுவனத்தை எங்கள் நிறுவனம் வாங்கியிருக்கிறது, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கீழே உள்ள பட்டனை அழுத்திப் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேவை தடைப்படலாம். பட்டனுக்கு அழகான நீல நிறம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டு, அலுவலகத்துக்கே வடை வாங்கிக் கொடுத்தேன்.

உங்களில் சிலர் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு மதியம்வரை புரியவில்லை.

முதல் அழைப்பு பத்தேகாலுக்கு வந்தது. நீங்க யாரு என்று கேட்டார்கள். எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். மூன்று ஆங்கில எழுத்துகளாலான சேவியர் நிறுவனத்தின் பெயரையும் தெளிவாகச் சொன்னேன். அப்படி ஒரு கம்பெனியே எனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டார்கள். அடுத்த அழைப்பும் அப்படியே. மூன்றாவதாக ஒரு பெரியவர். என்னிடம் இருபது நிமிடம் மிக அன்பாகப் பேசினார். கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றார். நான் எழுதக்கூடாது, நீங்களே தட்டுங்கள் ஐயா என்று கெஞ்சினேன். அவர் விடாமல் தன் பேரப்பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "உன் டைம் வேஸ்ட் ஆச்சா? நல்லது லா" என்று வைத்தார்.

பதினொன்றரைக்கு உட்லண்ட்ஸில் இருக்கும் என் தங்கையிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. இப்படி ஒரு மெயில் சுத்துதாம், பட்டனைத் தொட்டுடாத அக்கா என்று எழுதியிருந்தாள். கீழே என் மின்னஞ்சலின் படம். நீலப் பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே கொட்டை எழுத்தில் மோசடி, எல்லாருக்கும் அனுப்புங்கள். என் நிறுவனத்தின் பெயர் அதில் இருப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. வருவதை அப்படியே அனுப்புவது அவள் வழக்கம். ஊரே அவளைப் போலத்தான் என்பதுதான் பயங்கரம்.

கொஞ்சம் காற்று வேண்டும் என்று கீழே இறங்கினேன். எங்கள் லிஃப்டில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. சிங்கப்பூரில் எந்த லிஃப்டில்தான் இல்லை? மோசடிக்காரர்களிடம் ஏமாறாதீர்கள். அவசரப்படுத்துகிறார்களா? இணைப்பை அழுத்தச் சொல்கிறார்களா? கடவுச்சொல் கேட்கிறார்களா? நாலு மாடி இறங்குவதற்குள் மூன்றையும் படித்து முடித்தேன். மூன்றுமே என் கைவண்ணம். வருஷக்கணக்காக தினமும் நாலு தடவை பார்க்கும் சுவரொட்டி. நான் எழுதியது அதைப் பார்த்தே காப்பி அடித்த மாதிரி இருந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மேலே வந்தபோது பதினொரு பேர் வேறு நிறுவனங்களுக்கு மாறுவதாகத் தகவல் வந்திருந்தது. சேவியருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாத, பார்த்தாலே நம்பிக்கை வரும் பெரிய நிறுவனங்கள். ராஜன் என்னைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. இரண்டாவதாக ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தார். முந்தைய மின்னஞ்சல் மோசடியன்று, நாங்கள் உண்மையான நிறுவனம், சான்றிதழ் இணைத்திருக்கிறோம். நீ ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பு என்றார்.

என் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நான் அவசரக்குடுக்கை என்பது ஊருக்கே தெரியும். அந்த ஒரு தடவை மட்டும் ஏனோ நின்றேன். நான் திருடன் இல்லை என்று யார் சொல்வார்கள்? திருடன்தான் முதலில் சொல்வான். இன்னொரு மெயில் போனால் பதினொன்று நூறாகும். ராஜனிடம் அதைச் சொன்னேன். அழித்துவிட்டார். கெடுவை ரத்து செய்தோம், பட்டனை முடக்கினோம், ஒரு வரிகூட யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தோம். எதுவும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அன்று எனக்கு அதிக தைரியம் தேவைப்பட்டது.

மறுநாள் காலை செம்பவாங்கில் சேவியரின் வீட்டுக்குப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். நாற்காலிகளை ஏற்கனவே விற்றுவிட்டதால் ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்தோம். சேவியர் சாதுவான மனிதர். அன்று அவர் முகத்தில் கோபம் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அக்கா? என் கம்பெனி பேரு என் கஸ்டமர் யாருக்குமே தெரியாது. பில் அடிக்கும்போது பாத்தாதான் எனக்கே ஞாபகம் வரும்."



அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அவர் யாருக்கும் மெயில் அனுப்பியதே கிடையாது. ஒவ்வொரு டிசம்பரிலும் நாள்காட்டிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போவார். சுவரில் பழையதைக் கழற்றிப் புதியதைத் தானே மாட்டுவார். ஒரு கோப்பி குடிப்பார். மெயில் ஏதாவது தகராறு செய்கிறதா என்று கேட்டு, செய்தால் அங்கேயே சரி செய்வார். அவர்களுக்கு அவர் காலண்டர் சேவியர். சர்ச்சில் சிலருக்கு இன்னாரின் மகன். முந்நூறு பேரில் ஒருவர்கூட ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதாக நினைக்கவில்லை. நானோ என் மின்னஞ்சலில் சேவியர் என்ற பெயரை ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. வக்கீல் மாதிரி நிறுவனத்தின் பெயரை மட்டும் நான்கு தடவை எழுதியிருந்தேன்.

சரி, மீதி இருக்கும் எல்லாரையும் நேரில் பார்த்துவிடலாம் என்று நான் எழுந்தேன். சேவியர் என்னை உட்காரச் சொன்னார். ஒரு பெட்டியின் மூடியைக் கிழித்து, அதன் பின்பக்கம் பேனாவால் எழுத ஆரம்பித்தார். யார் யாரை அழைத்துவந்தார்கள் என்று. தையல்காரர் சொல்லி வந்தது பூக்கடை. பூக்கடைக்காரர் சொல்லி வந்தது மணமேடை அலங்காரம் செய்பவர். அவர் சொல்லி இரண்டு புகைப்படக்காரர்கள். கோடுகள் பிரிந்து பிரிந்து போயின. முந்நூறு பேரும் எழுதி முடித்தபோது பார்த்தால், எல்லாக் கோடுகளும் பத்தொன்பது பேரில் போய் நின்றன. அந்தப் பத்தொன்பதிலும் ஒரு பெயரிலிருந்து மட்டும் எண்பது கோடுகளுக்குமேல் கிளம்பியிருந்தன.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. பெட்டியைவிட்டு எழுந்து குதிக்காத குறை. வாடிக்கையாளர்களை வாங்கும்போது பட்டியல் கேட்காதீர்கள், யார் மூலம் யார் வந்தார் என்று கேளுங்கள் என்று பிறகு எத்தனையோ பேருக்கு நான் சொன்னதெல்லாம் அந்த அட்டையிலிருந்து கற்றதுதான்.

அந்த ஒரு பெயர் பரமேஸ்வரி. பரமுக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். துவாஸில் பெரிய சமையற்கூடம் நடத்துகிறார். அங்குள்ள ஊழியர் தங்குவிடுதிகளுக்கு, டார்ம் என்பார்கள், சாப்பாடு அவரிடமிருந்துதான் போகிறது. அவருக்குக் காய்கறி கொடுப்பவர், மசாலா கொடுப்பவர், லாரி ஓட்டுபவர், சீருடை தைப்பவர் எல்லாரையும் சேவியரிடம் அனுப்பி வைத்தவர் அவர். சிறு தொழில் செய்யும் நம் தமிழ் ஆட்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவையும் அவர்தான் நடத்துகிறார்.

"அந்த சிவப்பு வட்டம் போட்டது யாருன்னு நெனைக்கிறீங்க?" என்றார் சேவியர். கோபமாக இருந்தவர் அப்போதுதான் சிரித்தார்.

வியாழக்கிழமை அவரோடு துவாஸுக்குப் போனேன். பரமுக்கா என் வயதுக்காரர். தலையில் வலைத் தொப்பி, இடுப்பில் ஏப்ரன், ஒரு கையில் போன். சேவியரைப் பார்த்ததும் பெர்த்துக்குக் கிளம்பியாச்சா, குளிருக்குத் துணி வாங்கியாச்சா என்று விசாரித்தார். இவங்க கலா என்று சேவியர் என்னை அறிமுகப்படுத்தியதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது. நான் எழுதினது தப்பா?"

எனக்கு என் பக்க நியாயங்கள் சில இருந்தன. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவர் கேட்ட விதத்தில் எல்லாம் மறந்துபோனது.

"இல்ல. எனக்கு அப்படி மெயில் வந்திருந்தா நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். தப்பு என் மெயில்ல."

அவர் போனை மேசையில் வைத்தார். சேவியர் என் சார்பாகப் பேச வந்ததைக் கையசைத்து நிறுத்திவிட்டார்.

"சேவியர் நல்லவரு, ஆனா அவர் போயிருவாரு. நாளைக்கு நீங்கதான் இருப்பீங்க. மாத்தறதுன்னா என் கண்ணு முன்னாடி மாத்துங்க. பகல்ல, ஆர்டர் வர்ற அன்னிக்கு. ஒழுங்கா நடந்தா அதே குரூப்ல நானே சொல்றேன். நடக்கலன்னா அதையும் நானே சொல்வேன்."

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். தங்குவிடுதிகளிலிருந்து அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கான எண்ணிக்கை பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் அவர் தளத்தின் வழியாக வரும். அது அப்படியே அவர் மின்னஞ்சல் பெட்டியில் விழும். இரண்டு மணிக்கு அரிசி உலைக்குப் போகும். ஐந்து மணிக்கு வேன்கள் கிளம்பும். எண்ணிக்கை வராவிட்டால் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்குச் சோறு கிடையாது. இப்படிப்பட்ட தளத்தைப் பட்டப்பகலில் மாற்றுவதற்கு நம் தொழிலில் புத்தியுள்ள யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஒத்துக்கொண்டேன். ராஜன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே செய் என்றார்.

காலை பதினொரு மணிக்கு அந்தச் சமையற்கூடத்தின் சின்ன அலுவலக அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டொமைன் கணக்கின் கடவுச்சொல்லைப் பரமுக்காவே தட்ட வேண்டும். "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சேவியர் பத்து வருடமாக அவர் கடையின் மெயிலைப் பார்த்துக்கொள்பவர், அவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாற்றினோம். பத்து நிமிடத்தில் என் கைபேசியில் அவர் தளம் எங்கள் சர்வரிலிருந்து திறந்தது. நான் அதைப் படம் பிடித்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த ஏழு பேரும் கைதட்டியதாகப் பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. ஆர்டர் ஒன்றும் வரவில்லை. திங்கட்கிழமை கொஞ்சம் லேட்டாத்தான் அனுப்புவாங்க என்றார் பரமுக்கா. ஒரு மணி. ஒன்றேகால். திரையில் ஒன்றுமில்லை. அவர் வெங்காயம் வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார். நான் வெளியே வந்து ராஜனுக்குப் போன் செய்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பழைய மெயில் பெட்டிய பக்கத்துல தொறந்து வெச்சிருக்கியா?"

பட்டியலின் நான்காவது வரி. கைதட்டல் சந்தோஷத்தில் மூன்றாவது வரியோடு பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நாம் செய்யும் மாற்றம் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும், அதுவரை சில பேர் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். இது நேற்றுச் சேர்ந்த உங்களுக்கே தெரியும். விடுதிகளிலிருந்து வந்த ஆர்டர்கள் பழைய பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. பரமுக்காவின் திரையோ புதிய பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. பழைய பெட்டியை உடனே திறக்கலாம் என்றால், என் மின்னஞ்சலுக்குப் பயந்து போன வாரமே அதன் கடவுச்சொல்லை மாற்றிவிட்டதாகவும் அது மறந்துபோய்விட்டதாகவும் அவர் காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

சேவியரின் சர்வருக்குள் நான் பின்வழியாகப் போய்த் திறக்கிறேன் என்றார் ராஜன். "பதினஞ்சு நிமிஷம் குடு. அதுவரைக்கும் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாத. கண்டுபிடிச்சுருவேன்."

ராஜன் சொன்னதில் தப்பில்லை. பதினைந்து நிமிடம் என்றால் ஒன்றரைக்கு ஆர்டர்கள் கையில் இருக்கும். பரமுக்காவுக்கு எதுவும் நடந்ததே தெரியாது. அவர் குழுவில் நல்லபடியாகச் சொல்வார், எண்பது பேரும் வருவார்கள், அவர்களைப் பார்த்து மீதிப் பேரும் வருவார்கள். இப்போது உள்ளே போய் வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. எட்டுப் பேரின் வேலை என் நாக்கு நுனியில் இருந்தது. இதையெல்லாம் நிதானமாக யோசித்த மாதிரி எழுதுகிறேன். உண்மையில் போனைப் பிடித்தபடி முன்னும் பின்னும் நடந்தேன், அவ்வளவுதான். கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். கழுவிய அரிசி பெரிய பெரிய கூடைகளில் வடிந்துகொண்டிருந்தது. சமையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ராஜனின் பதினைந்து நிமிடம் முப்பதானால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. என்னைத் தவிர அங்கே வேறு யாருக்கும் அது தெரியாது.

உள்ளே போனேன்.

"பரமுக்கா, ஆர்டர் லேட்டாகல. வந்திருக்கு, ஆனா உங்க கண்ணுக்குத் தெரியாத எடத்துல மாட்டிக்கிச்சு. தப்பு என்னோடது. சரியாகற வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே எல்லா டார்முக்கும் போன் போட்டு எண்ணிக்கை கேட்டுரலாம்."

சேவியரின் முகம் செத்துப்போனது.   பரமுக்கா சுவரில் ஒட்டியிருந்த விடுதிகளின் போன் எண்கள் உள்ள தாளைக் கிழித்து மூன்றாகப் பங்கு வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. மூன்று பேரும் மூன்று மூலையில் நின்று கத்தினோம். பின்னால் புகைபோக்கியின் இரைச்சல். சேவியர் ஒரு வங்காளதேச மேற்பார்வையாளரிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து எண்ணிக்கை கேட்டு, அவர் சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னார். நான் ஒருவரிடம் சைவம் எத்தனை என்று கேட்பதற்குப் பதிலாக உங்கள் டொமைன் என்ன என்று கேட்டேன். எழுதத் தாள் கிடைக்காமல் முட்டை அட்டையின் பின்பக்கம் எழுதினோம். சமையல்காரர் கரண்டியோடு வந்து வந்து எத்தனை, எத்தனை என்று கேட்டுப் போனார். ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கடைசி விடுதியின் எண்ணும் கிடைத்தது. இரண்டு மணிக்கு அரிசி உலைக்குப் போனது.

ராஜன் பழைய பெட்டியைத் திறந்தபோது இரண்டு மணி இருபது. அவர் படித்த ஒவ்வொரு எண்ணையும் பரமுக்கா முட்டை அட்டையோடு ஒப்பிட்டார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பழைய பெட்டிக்கு வருவதெல்லாம் தானாகப் புதியதற்கு வரும்படியும் ராஜன் செய்துவிட்டார்.

வேன்கள் கிளம்பும்வரை இருந்தோம்.  சாப்ட்டுப் போங்க என்றார் பரமுக்கா. சாப்பிட்டோம். குழுவில் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை, சேவியருக்கும் வரவில்லை.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் போன பதினொரு பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மீதி எல்லாரையும் சேவியர் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பாகவே மாற்றி முடித்தோம். நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் அலுவலகம் அதற்குப் பிறகு வாங்கியது. அன்று சாயங்காலம் காரில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

சேவியர்தான் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அலுவலகத்தில் மற்ற ஏழு பேரிடமும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராஜனிடம் என்ன சொல்வது? நீ கேட்ட பதினைந்து நிமிடத்தை நான் தரவில்லை என்றா? துவாஸைத் தாண்டுமுன் சேவியரின் போன் மணியடித்தது. குழுவில் பரமுக்காவின் குரல் செய்தி. சேவியர் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தினார். என்னையே அழுத்தச் சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம், பரமு பேசறேன். போன வாரம் அந்த மெயில் மோசடின்னு நாந்தான் போட்டேன். இன்னிக்கு அவங்க என் கிச்சனுக்கே வந்து மாத்துனாங்க. மாத்தும்போது ஆர்டர் எல்லாம் எங்கயோ மாட்டிக்கிச்சு. எனக்குத் தெரியவே தெரியாது, நான் வெங்காயம் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தக் கலா அவங்களே வந்து, எங்க தப்பு, இப்பவே போன் போடுங்கன்னு சொன்னாங்க. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கு அம்புட்டுப் பேரும் பட்டினி. தப்ப தானா வந்து சொல்ற திருடன நான் பாத்ததில்ல லா. நான் மாறிட்டேன். நீங்களும் மாறிக்குங்க."

நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன். சேவியர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, இனிமேல் நான் நிம்மதியாகக் கிளம்பலாம் அக்கா என்றார்.

அவர் காரைக் கிளப்புவதற்குள் என் போன் அடித்தது. எனக்குத் தெரியாத எண். ஒரு பெண் குரல். டியூஷன் சென்டர் நடத்துகிறாராம். பரமுக்கா சொன்னதைக் கேட்டு, அவரிடமே என் எண்ணை வாங்கினாராம். மாறுவதற்குத் தயார், ஆனால் தானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு, அதற்கு அடுத்தது. பிறகு யாரிடம் பேசினாலும் அதே நிபந்தனைதான். முந்நூறு பேருக்கும் பகலில், பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்க வேண்டும். ராஜன் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்.

முதலில் அழைத்த அந்தப் பெண்ணிடம் நான், "நாளைக்குக் காலையிலேயே வந்துர்றேன்மா, உங்களுக்கு எத்தனை மணி தோது?" என்றேன். பேசி முடித்து வைத்த பிறகுதான், அந்த டியூஷன் சென்டர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.